ஏழு வாத்தியங்களும் ஒரு கதைசொல்லியும்

1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் கையில் காசில்லை. ரஷ்யப் புரட்சியில் குடும்பச் சொத்து போய்விட்டது. அவருடைய இசையை வெளியிட்ட பதிப்பகம் பெர்லினில் இருந்தது. போர் நடந்துகொண்டிருந்ததால் அங்கிருந்து வரவேண்டிய பணமும் வரவில்லை. அவருக்கு வேலை கொடுத்துவந்த ரஷ்ய பாலே குழுவும் தடுமாறிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோர்ஜ் என்ற சிற்றூரில் மனைவி, நான்கு குழந்தைகளோடு குடியிருந்தார். அந்தப் பக்கத்து எழுத்தாளரான சார்ல் ஃபெர்தினான் ரமூவின் நிலைமையும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். நாலைந்து நடிகர்கள், கைக்கு அடக்கமாக ஒரு இசைக்குழு, எந்த ஊரிலும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு சின்ன மேடை. இவ்வளவு போதும், ஊர் ஊராகக் கொண்டுபோகலாம்.

அப்படிப் பிறந்ததுதான் 'சிப்பாயின் கதை'. ஐந்தே வருடத்துக்கு முன்பு பாரிஸில் நூறு பேர் இருந்த இசைக்குழுவுக்கு எழுதியவர், இதற்கு ஏழு பேரை வைத்துக்கொண்டார். வயலின், டபுள் பேஸ், கிளாரினெட், பசூன், கார்னெட், டிராம்போன், அப்புறம் தாள வாத்தியங்களுக்கு ஒரே ஒரு ஆள். தந்தி, மரக்குழல், பித்தளை என்று ஒவ்வொரு குடும்பத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் இருக்கவேண்டிய வாத்தியங்கள் கிடையாது. அதனால் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, எலும்பு தெரிகிற மாதிரி கேட்கும்.

நான் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் ஒரு சிறு நாடகக் குழுவில் இருக்கிறேன். சிறுவர் கதை ஒன்றை நடிகர்களும் சில இசைக்கலைஞர்களும் சேர்ந்து மேடையில் சொல்வது எப்படி என்பது எனக்கு வெறும் ரசனை விஷயம் இல்லை, தொழில் விஷயம். இந்த வகையில் யார் எது செய்தாலும் தேடிப் பார்ப்பேன், கேட்பேன். பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான் இருக்கும்: எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கதைசொல்லி "மழை பெய்தது" என்பார், பியானோவில் மழை பெய்யும், நடிகர் தலைக்கு மேலே கையை வைத்துக்கொள்வார். மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆளின் வேலையைச் செய்கிறார்கள். 'சிப்பாயின் கதை' நூறு வருடத்துக்கு மேலாகியும் எனக்குப் பாடப்புத்தகமாக இருப்பதற்குக் காரணம், அதில் யார் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை இரண்டு பேரும் முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

கதை ரஷ்ய நாட்டுப்புறக் கதை. 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் அஃபனாசியெவ் தொகுத்த பெரிய கதைக் களஞ்சியத்தில் சிப்பாயும் சாத்தானும் மோதுகிற கதைகள் நிறைய உண்டு. முதல் நிக்கொலாய் மன்னர் காலத்தில் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தத் துயரம் இவற்றில் ஊறியிருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கியை முதலில் இழுத்தது ஒரு வேடிக்கையான கதை. சிப்பாய் சாத்தானுக்கு வோட்கா ஊற்றிக் கொடுத்து, ஈயக் குண்டுகளைக் கை நிறைய அள்ளி, மீன்முட்டை என்று நம்பவைத்துத் தின்னச் செய்கிறான்; சாத்தான் செத்துப்போகிறது. அந்தக் கதையோடு வேறு சிலவற்றையும் சேர்த்து இருவரும் முடைந்தார்கள். ரமூவுக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஸ்ட்ராவின்ஸ்கி பிரெஞ்சில் வாயால் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வது இருவருக்கும் ஏற்கெனவே பழகிய வேலைமுறை.

முடைந்து வந்த கதை இது. யோசேப்பு என்ற சிப்பாய் லீவில் ஊருக்கு நடந்து போகிறான். பையில் ஒரு பழைய வயலின். வழியில் பட்டாம்பூச்சி வலையோடு ஒரு கிழவர் எதிர்ப்படுகிறார். வயலினைக் கொடு, பதிலுக்கு ஒரு புத்தகம் தருகிறேன் என்கிறார். நாளைய பங்குச் சந்தை விலையெல்லாம் இன்றே போட்டிருக்கிற புத்தகம். என் வீட்டில் மூன்று நாள் தங்கி எனக்கு வயலின் சொல்லிக்கொடு என்கிறார். மூன்று நாள் கழித்து ஊருக்குப் போனால் மூன்று வருடம் ஓடிவிட்டது. ஊர்க்காரர்கள் பேயைக் கண்டதுபோல் கதவைச் சாத்துகிறார்கள். கட்டிக்கொள்வதாக இருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கின்றன. புத்தகத்தை வைத்துச் சம்பாதிக்கிறான், மலைமலையாகச் சேர்கிறது, ஒன்றும் ருசிக்கவில்லை. பிற்பாதியில் நோயில் கிடக்கும் ஒரு ராஜகுமாரி, சாத்தானோடு ஒரு சீட்டாட்டம், வயலின் திரும்பக் கிடைப்பது, அவள் எழுந்து ஆடுவது. கடைசியில் ஊரைப் பார்க்கும் ஆசையில் எல்லையைத் தாண்டுகிறான், அங்கே சாத்தான் காத்திருக்கிறது.

ரமூ நாவலாசிரியர். எனக்கு நாடகம் எழுத வராது, கதையாகவே எழுதுகிறேன், மேடையில் ஒருவர் வாசிக்கட்டும் என்றார். என்னைப் பொறுத்தவரை இந்தப் படைப்பை உருவாக்கிய முடிவே இதுதான். கதையை வசனமாக உடைத்துப் பாத்திரங்களின் வாயில் திணிக்கவில்லை. கதை கதையாகவே இருக்கிறது. மேடையின் ஒரு பக்கம் கதைசொல்லி, முன்னால் ஒரு மேசை, குடிக்கக் கொஞ்சம் வைன். மறுபக்கம் ஏழு இசைக்கலைஞர்கள், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி. நடுவில் நடிகர்களுக்கான சின்ன மேடை. படைப்பின் தலைப்புக்குக் கீழேயே வாசிக்க, நடிக்க, ஆட என்று மூன்றையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். பாட்டு என்பதே கிடையாது, யாரும் பாடுவதில்லை.

அந்தக் கதைசொல்லி ஒதுங்கி உட்கார்ந்து வாசிக்கிற ஆளாகவே கடைசிவரை இருப்பதில்லை. சிப்பாய்க்குள் ஓடுகிறதை அவரே சொல்வார், சில இடங்களில் மற்றவர் குரலையும் பேசுவார். சீட்டாட்டக் காட்சியில் மேசையை விட்டு எட்டி, கதைக்குள்ளேயே தலையை நீட்டுகிறார். உன்னிடம் அவனுடைய பணம் இருக்கும்வரை நீ அவன் பிடியில் இருக்கிறாய், எல்லாவற்றையும் வைத்துத் தோற்றுவிடு, அவனுக்குக் குடிக்கக் கொடு என்று சிப்பாயிடம் நேரே சொல்கிறார். சிப்பாயும் பதில் பேசுகிறான். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. கட்டியக்காரன் ராஜாவைக் குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்பதைக் கண்டவர்கள் நாம். ஆனால் திரைச்சீலையும் ஜோடனையுமாக இருந்த அன்றைய ஐரோப்பிய மேடைக்கு இது பெரிய மாற்றம்.

இடத்தை மாற்றியதையும் சொல்ல வேண்டும். ரஷ்யக் கதைதான், ஆனால் சிப்பாய் முதல் வரியிலேயே டான்ஜுக்கும் தெனெசிக்கும் இடையில் நடக்கிறான். இரண்டும் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரைச் சுற்றியுள்ள வோ மாநிலத்துக் கிராமங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சாலை தெரியும். இவ்வளவு செய்துவிட்டு, அதற்குமேல் உள்ளூர் வர்ணம் எதையும் பூசவில்லை. ராஜாவுக்குப் பெயரில்லை, ராஜகுமாரிக்குப் பெயரில்லை. தழுவல் செய்கிறேன் என்று பாத்திரங்களுக்கெல்லாம் வேட்டி கட்டிவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அந்தத் தொடக்க நடையை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். டபுள் பேஸ் இடது வலது, இடது வலது என்று தந்தியைச் சுண்டிக்கொண்டே போகிறது. அது சிப்பாயின் கால். மேலே கார்னெட்டும் கிளாரினெட்டும் அந்த நடைக்குக் கட்டுப்படாமல், ஒரு சுற்றில் மூன்று, அடுத்ததில் இரண்டு என்று எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கால் ஒரு கணக்கில் போகிறது, மனசு வேறு கணக்கில் போகிறது. இதற்கு மேலே கதைசொல்லி தாளத்தோடு வாசிக்க வேண்டும். நாங்கள் இந்தப் பகுதியைத் தமிழில் வாசித்துப் பார்க்க எடுத்துக்கொண்டபோது உரைநடையாக எழுதிய எதுவும் உட்காரவில்லை. வழிநடைச் சிந்தின் பக்கம் போனதும் சட்டென்று வழி திறந்தது. கால்நடையாகப் போகிறவர்கள் களைப்புத் தெரியாமல் பாட என்றே நம்மிடம் இருக்கிற வடிவம் அல்லவா:

போகுது போகுது சிப்பாய்க் கால்
புழுதி பறக்குது பாதையின் மேல்
பதினைந்து நாளைக்கு லீவு உண்டு
பார்க்கணும் அம்மாவைக் கண்ணில் கண்டு

வாசிப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மேலே கேட்கிற எதையும் பின்தொடராதே, டபுள் பேஸ்காரரின் விரலை மட்டும் பார். கிளாரினெட்டைக் கேட்க ஆரம்பித்தால் இரண்டாம் அடியிலேயே கால் பின்னும்.

இந்த இசை கதையைப் படம் பிடித்துக் காட்டுவதில்லை. 1936-ல் மாஸ்கோவில் சிறுவர் அரங்குக்காக ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' எல்லாருக்கும் தெரியும். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, தாத்தாவுக்கு பசூன் என்று பெயர்ப்பட்டி ஒட்டியது போன்ற ஏற்பாடு. வாத்தியங்களைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி இல்லை, அது எனக்குப் பிடித்த படைப்பும்கூட. ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து, சிறுவர் கதைக்கு இசை என்றாலே அதுதான் முறை என்று நாம் பழகிவிட்டோம். ஸ்ட்ராவின்ஸ்கி இங்கே யாருக்கும் வாத்தியம் ஒதுக்கவில்லை. பின்னாளில் அவர் சொன்னது, வயலின் சிப்பாயின் ஆன்மா, முரசுகள் சாத்தானின் வேலை. முழுக்கதையும் இந்த இரண்டுக்கும் இடையே நடக்கிற இழுபறி.

அதற்காக அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். முரசு, ஜால்ரா வகையறாவையெல்லாம் கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே வாசிக்கக் கற்றுக்கொண்டு எழுதினார். ஒரே ஆள் அத்தனையையும் சமாளிக்க வேண்டுமே, எந்தக் கை எங்கே போகும் என்று தெரியாமல் எழுத முடியாது. வயலின் பக்கம் ஒரு கனவும் இருக்கிறது. சாலையோரத்தில் ஒரு நாடோடிப் பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்து, வில்லை முழுநீளத்துக்கு இழுத்து வயலின் வாசிக்கிறாள், குழந்தை கைதட்டுகிறது. கனவில் கேட்ட அந்த மெட்டு விழித்த பிறகும் நினைவில் நின்றது, அதையும் உள்ளே வைத்துவிட்டார்.

ராஜகுமாரி எழுகிற காட்சியைப் பாருங்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே கதைசொல்லி "அவள் மெல்லக் கண் திறந்தாள்" என்று ஆரம்பித்திருப்பார். இங்கே அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். சிப்பாய் வாசிக்கிறான், ஒரு டாங்கோ, ஒரு வால்ட்ஸ், ஒரு ராக்டைம். மூன்றும் அன்றைக்கு உயிரோடு இருந்த நடனங்கள். ராக்டைமை நேரில் கேட்டதுகூட இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார்; நண்பரும் இசை நடத்துநருமான எர்னெஸ்ட் அன்செர்மே அமெரிக்கப் பயணத்திலிருந்து கொண்டுவந்த தாள்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். தேவதைக் கதைக்குத் 'தேவதைத்தனமான' இசை தேடாமல், தெருவில் ஓடுகிற இசையை உள்ளே விட்டார். டாங்கோவின் தொடக்கத்தில் வயலினும் முரசுகளும் மட்டும். படுக்கையில் கிடக்கிற பெண்ணுக்குள் அந்தத் தாளம் நுழைவது கேட்கிறவருக்கும் உடம்பில் தெரியும். இங்கே ஒரு வார்த்தை விழுந்தாலும் கெட்டுவிடும்.

சொல்லே இல்லாமல் எப்போதும் நடக்காது என்பதற்கும் இதிலேயே உதாரணம் உண்டு. பெரிய கோரல் என்ற பகுதி, தேவாலயப் பாட்டின் சாயலில் நிதானமாகப் போகும். ஒவ்வொரு அடியின் முடிவிலும் வாத்தியங்கள் ஒரு நீண்ட ஸ்வரத்தில் நிற்கின்றன. அந்த நிற்கிற இடத்தில் கதைசொல்லி ஒரு வாக்கியம் சொல்கிறார்: இப்போது இருக்கிறதோடு முன்பு இருந்ததையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, இரண்டும் வேண்டும் என்றால் நடக்காது. ஒத்திகையில் பெரும் பாடு இந்த இடம்தான். வாக்கியம் நீளமானால் ஊதுகிறவருக்கு மூச்சு முட்டும். குறைந்தால் பொருள் ஓட்டையாகும். தமிழ் வாக்கியங்களை டிராம்போன்காரரின் மூச்சுக்கு அளந்து வெட்டினோம். வெட்டியபிறகு அவை நல்ல தமிழாகவும் ஆகிவிட்டன.

முடிவில் சாத்தானின் வெற்றி ஊர்வலம். வயலினும் முரசும் மாறி மாறி மோதுகின்றன. வயலின் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, பிறகு நின்றே போகிறது. கடைசிச் சில சுற்றுகளில் முரசு மட்டும்தான். சிப்பாய் தோற்றான் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்குக்கூட அது விளங்கும். எங்கள் நடிகர்களில் ஒருவர், சிறுவர்களுக்கு இவ்வளவு இருட்டான முடிவு வேண்டாம், சிப்பாய் தப்பிப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். கூடாது என்று நின்றேன். தப்பிக்கவைத்தால் அந்த முரசுக்கு இடமே இல்லாமல் போகும், முதல் நடையிலிருந்து கட்டிவந்த எல்லாமே சரிந்துவிடும்.

முதல் அரங்கேற்றம் 1918 செப்டம்பர் 28-ஆம் தேதி லோசானில். செலவை ஏற்றவர் விண்டர்தூர் ஊரின் வெர்னர் ரைன்ஹார்ட், தானும் கிளாரினெட் வாசிக்கிற புரவலர். அன்செர்மே நடத்தினார், ஓவியர் ரெனே ஓபெர்ஜொனுவா மேடையையும் உடைகளையும் வரைந்தார். நடிகர்களில் பெரும்பாலோர் லோசானின் இளைஞர்கள். கதைசொல்லியாக வந்த எலி கான்யெபான் நிலவியல் படித்தவர். ஊர் ஊராகப் போக வேண்டிய திட்டம் அதோடு நின்றது. ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து அரங்குகளை மூடவைத்தது. மறுபடி மேடையேறச் சில வருடங்கள் ஆயின. ரைன்ஹார்ட்டுக்கு நன்றியாக, 1919-ல் இதிலிருந்து ஐந்து பகுதிகளை வயலின், கிளாரினெட், பியானோ மூன்றுக்கும் ஸ்ட்ராவின்ஸ்கி மாற்றி எழுதினார். சிறு குழுக்கள் இன்று அதிகம் எடுப்பது அந்த வடிவத்தைத்தான். எங்களுக்கும் ஆசைதான், பசூன் வாசிப்பவர் கிடைப்பது எங்கள் ஊரில் குதிரைக் கொம்பு. ஆனால் அதில் முரசு இல்லை. கச்சேரிக்கு அது போதும். கதை சொல்ல அதை எடுத்தால் சாத்தான் இல்லாத கதையாகிவிடும். கடைசியில் நாங்கள் பசூன் பகுதியை ஒரு செல்லோவுக்குக் கொடுத்துவிட்டு முரசை வைத்துக்கொண்டோம்.

வயலினைச் சிப்பாயாக நடிப்பவர் எப்படிப் பிடிப்பது என்பதிலும் ஒரு முடிவு எடுத்தோம். வாசிக்கத் தெரியாத நடிகர் வில்லை ஆட்டி, வாசிப்பது வேறொருவர் என்றால் குழந்தைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்து, அதன்பிறகு அதையேதான் பார்ப்பார்கள். எங்கள் சிப்பாய் கையில் வயலின் பெட்டி மட்டும் இருந்தது. அவன் பெட்டியைத் திறக்கும்போது வயலின் கலைஞர் எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்று வாசித்தார். சாத்தான் பெட்டியை எடுத்துக்கொண்டதும் அவர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து எடுக்க இருப்பது பாபார் யானைக் கதை. 1930-ல் பியானோ கலைஞரான செசில் த ப்ரூனோஃப் தன் மகன்களுக்குப் படுக்கும்போது சொன்ன கதை. கணவர் ஜான் ஓவியர். 1931-ல் அவர் அதைப் படப்புத்தகமாக்கினார். 1940 கோடையில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் புலாங்க் ப்ரீவ் நகரில் உறவினர் வீட்டில் இருந்தபோது, அவர் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்தது பிடிக்காத ஒரு குழந்தை இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து பியானோ மேல் வைத்து, இதை வாசி என்றது. அவரும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி வாசித்தார். எழுதி முடிக்க 1945 ஆயிற்று. மறு வருடம் பிரெஞ்சு வானொலியில் புலாங்க் பியானோ வாசிக்க, அவரோடு காலமெல்லாம் பாடிவந்த பியேர் பெர்னாக் பாடாமல் கதை சொன்னார். 1962-ல் இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜான் ஃப்ரான்சே இதை இசைக்குழுவுக்கு விரித்தார். கேட்க அழகுதான், ஆனாலும் ஒரு ஆளும் ஒரு பியானோவும் இருக்கிற நெருக்கம் அதில் இல்லை என்பேன்.

இங்கே பிரச்சினை வேறு மாதிரி. இது படங்களால் ஓடுகிற புத்தகம், மேடையில் படம் கிடையாது. அந்த இடத்தைத்தான் பியானோ பிடித்துக்கொள்கிறது. தாய் யானை தும்பிக்கையால் தொட்டிலை ஆட்டுகிறாள் என்று ஒரு வரி சொல்லி முடித்ததும் பியானோ தாலாட்டைத் தொடங்கி, தேவையான நேரம் எடுத்துக்கொண்டு போகிறது. கதைசொல்லி காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பேச்சு ஒரு முறை, இசை ஒரு முறை. நடிகர்களைச் சேர்த்தால் அவர்கள் இந்த இசைப் பகுதிகளில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி, இப்போதைக்கு என் பதில், யானையாக நடிக்கவே வேண்டாம், கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்பது.

வேட்டைக்காரன் தாய் யானையைச் சுடும் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. அம்மாவைச் சுட்ட மனிதர்களின் ஊருக்கே போய், கோட்டும் தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டு, காட்டுக்குத் திரும்பி, அதனாலேயே பாபார் ராஜாவாகிறான். பாரிஸில் மாபெரும் காலனியக் கண்காட்சி நடந்த அதே 1931-ல் வந்த புத்தகம் இது. இந்தக் கோணத்தில் இதைக் கண்டித்துப் பலர் எழுதியிருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. துப்பாக்கிப் பக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல உடை போட்டு நல்ல பிள்ளையான ஒரு யானையின் கதை, அதுதான் எனக்குக் கூடுதல் ஆபத்தாகப் படுகிறது. அந்தப் பக்கம் இருக்கும்வரை, கோட்டுப் போட்ட பாபார் ஜன்னல் வழியே பார்த்து அம்மாவை நினைத்து அழுகிற இடத்துக்கு அர்த்தம் இருக்கும். புலாங்கும் அதை மழுப்பவில்லை. ஆகவே இரண்டு பக்கங்களும் இருக்கின்றன. முடிசூட்டு விழாவில் மற்ற யானைகளுக்கு உடை மாட்டலாமா என்று உடைப் பொறுப்பாளர் கேட்டார், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பியானோ கலைஞர் தாலாட்டை இன்னும் மெதுவாக வாசிக்க வேண்டும் என்கிறார், அதை வரும் ஒத்திகையில் பார்க்கிறோம்.